குளிர் விட்டுப்போக: மலையூரில் தினம் ஒரு சின்னத் துணிச்சல்

வீட்டில் பெரியவர்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டால், "உனக்குக் குளிர் விட்டுப்போச்சு" என்பார்கள். பயம் தெளிந்துவிட்டது என்பதற்குத் தமிழில் இருக்கும் வசவு அது. நீலகிரியில் இருப்பவர்களுக்கு அந்தச் சொல்லின் நியாயம் சட்டென்று புரியும். சமவெளியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர் முதல் வாரம் மூன்று ஸ்வெட்டரோடு அடுப்படியை விட்டு நகர மாட்டார். தினமும் காலை ஏழு மணிக்குப் பால் வாங்க நடந்தே தீர வேண்டியவராக அவர் இருந்தால், ஒரு மாதத்தில் ஒரு ஸ்வெட்டருக்கு வந்துவிடுவார். உதகையின் குளிர் அதற்குள் குறைந்துவிடவில்லை. கம்பளிக்குள் உட்கார்ந்து யோசித்துக் குளிரை விட்டவர் யாரும் இல்லை.

மனிதர்களைக் கண்டு வரும் பயமும் இதே வழியில்தான் விடும். கடையில் மீதிச் சில்லறை கேட்கத் தயங்குகிறவர்கள், அலுவலக ஜன்னல் முன்னால் குரல் எழாதவர்கள், சொந்தக்காரருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு ராத்திரி தூங்காதவர்கள், கிராம சபையில் கேள்வி தொண்டை வரை வந்தும் விழுங்கிவிடுகிறவர்கள் ஆகியோருக்கான வழிமுறை இது. தேவையானவை ஒரு 40 பக்க நோட்டு, ஒரு பேனா, நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். ஆறு வாரம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டெருமை முன்னால் வேண்டாம்

நீலகிரியில் துணிச்சல் என்றதும் பல இளைஞர்களுக்குக் காடும் அருவியும் ராத்திரி பைக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. அதையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். காட்டெருமைக்கு முன்னால் வரும் பயம் உண்மையைச் சொல்கிறது. டீக்கடைக்காரர் முன்னால் வரும் பயம் பொய் சொல்கிறது. பொய் சொல்வதை மட்டும்தான் பழக்கிப் பழக்கி அடக்க வேண்டும். உண்மை சொல்வதை மழுங்கடித்தால் ஆளே போய்விடுவார்.

குன்னூர், கோத்தகிரித் தோட்டங்களில் விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் கரடியும் காட்டெருமையும் நடமாடும். கூடலூர், மசினகுடிப் பக்கம் யானை. அந்த நேரத்தில் ஒற்றையடிப் பாதையில் தனியாக நடப்பதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்காதீர்கள். பாதையில் காட்டெருமை நின்றால் கை தட்டாமல், செல்போனை நீட்டாமல், வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். கன்றோடு நின்றால் இன்னும் தள்ளியே நில்லுங்கள். பாசி படிந்த அருவிப் பாறை, டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த ரோடு, காப்புக்காடு எல்லாம் இதே பட்டியல்தான். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் போவது குற்றமும்கூட.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டி ரோட்டில் ராத்திரி பைக்கில் இறங்கலாம் என்று நான்கு நண்பர்கள் கூப்பிடும்போது கூடப் போகிறவருக்குத் துணிச்சல் தேவைப்படுவதில்லை. "நான் வரல, நீங்க போங்கடா" என்று சொல்கிறவருக்குத்தான் தேவைப்படுகிறது. இந்த வழிமுறை அவருக்கானது.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. பஸ்ஸில் உரசுகிறவனைச் சகித்துப் பழகுவது எந்தப் படியிலும் சேராது. சத்தமாகச் சொல்வது, கண்டக்டரைக் கூப்பிடுவது, பெண்கள் உதவி எண் 181-ஐ அழைப்பது ஆகியவைதான் பழக வேண்டியவை.

பயத்துக்குத் தீனி போடுவது எது

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அரண்டவன் ஏன் அரண்டபடியே இருக்கிறான் என்பதைப் பழமொழி சொல்லவில்லை. அவன் விளக்கை எடுத்துக்கொண்டு அந்த இருட்டுக்குள் ஒரு தடவைகூடப் போய்ப் பார்ப்பதில்லை. கேள்வி கேட்காமல் திரும்பி வந்ததும் நெஞ்சு லேசாகிறதே, அந்த நிம்மதிதான் தீனி. "விலகினாய், தப்பித்தாய்" என்று உடம்பு பாடம் எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் முன்னதாகவே பயம் வந்து நிற்கும்.

இதை மாற்றும் வழி நூறு வருடமாகத் தெரிந்ததுதான். 1924-இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சிறுவன் சாப்பிடும் நேரத்தில் முயல் கூண்டை நாளுக்குக் கொஞ்சமாகப் பக்கத்தில் நகர்த்தினார். கடைசியில் அவன் முயலைத் தடவிக்கொடுத்தான். ஜோசப் வோல்பே 1950-களில் இதையே படிப்படியான சிகிச்சை முறையாக்கினார். பயத்தை 0 முதல் 100 வரை எண்ணால் அளக்கும் பழக்கமும் அவரிடமிருந்து வந்தது. துணிச்சலைப் பற்றி அதிகம் ஆராய்ந்த ஸ்டான்லி ராக்மன், வெடிகுண்டு அகற்றும் வீரர்களையும் பாராசூட் வீரர்களையும் கவனித்தவர். பயம் இருக்கும்போதே காரியத்தைச் செய்து முடிப்பதைத்தான் அவர் துணிச்சல் என்றார். ஆகவே "முதலில் பயம் போகட்டும், அப்புறம் கேட்கிறேன்" என்று காத்திருப்பவர் தலைகீழாகக் காத்திருக்கிறார்.

நோட்டும் பைசாக் கணக்கும்

நோட்டில் ஒரு பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரியுங்கள். இடது பக்கம் போவதற்கு முன்னால் எழுதுவது, வலது பக்கம் வந்த பிறகு எழுதுவது.

இடது பக்கத்தில் மூன்றே வரி. என்ன செய்யப் போகிறேன், என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறேன், பயம் எத்தனை பைசா. முழு ரூபாய் என்றால் கை கால் உதறி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, ஓடிவிடலாம் போலிருப்பது. 50 பைசா என்றால் வயிற்றில் புளியைக் கரைக்கும், ஆனாலும் நிற்க முடியும். 10 பைசா என்றால் லேசான கூச்சம்.

இரண்டாவது வரியில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். "அசிங்கமாகிவிடும்" என்று எழுதினால் அது நடந்ததா இல்லையா என்று பிறகு சரிபார்க்க முடியாது. கேமராவில் பதியக்கூடியதை மட்டும் எழுதுங்கள். "கடைக்காரர் திட்டுவார்", "கடையில் இருக்கிற எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்", "எனக்குப் பேச்சே வராது, பத்து விநாடி ஊமையாக நிற்பேன்" என்பன போல.

வலது பக்கத்தில் என்ன நடந்தது, உச்சத்தில் எத்தனை பைசா இருந்தது, எழுதியதில் எது பொய்த்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் எழுத வேண்டாம். நோட்டை மூடியதும் விஷயம் முடிந்தது. ராத்திரி போர்வைக்குள் படுத்து, "அவர் ஏன் அப்படிச் சிரித்தார்" என்று ஓட்டிப் பார்க்கும் படம் பகலில் சம்பாதித்ததைத் தின்றுவிடும்.

பார்க்கிறார்கள் என்ற பயத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 2000-இல் வெளியான ஓர் ஆய்வில் தாமஸ் கிலோவிச்சும் கூட்டாளிகளும் மாணவர்களுக்குக் கூச்சம் தரும் படம் போட்ட பனியனை மாட்டி, ஆட்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிதான். உதகை கமர்சியல் ரோட்டுக்கு இது அப்படியே பொருந்தும். ஹட்டிக்கு, அதாவது படுகர் ஊருக்கு, முழுதாகப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், பார்க்கத்தான் செய்வார்கள். அதனால்தான் முதல் இரண்டு வாரத்துக் காரியங்களை உங்களைத் தெரியாத டவுனில் வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

படி கட்டுவது

பத்துக் காரியங்களை எழுதி ஒவ்வொன்றுக்கும் பைசா போடுங்கள். ஒருவருக்கு ஐந்து பைசாவாக இருப்பது இன்னொருவருக்கு எண்பதாக இருக்கும். சந்தையில் நாள் முழுக்கக் கத்தி வியாபாரம் செய்கிறவருக்கு அண்ணனிடம் ஒரு "முடியாது" சொல்வது முழு ரூபாய். ஆகவே கீழே இருப்பது மாதிரிதான், உங்கள் விலையை நீங்களே போடுங்கள்.

25 பைசா: டீக்கடையில் "அண்ணா, சர்க்கரை கம்மி" என்று சொல்லி, இனிப்பாக வந்தால் குடித்துத் தொலைக்காமல் "அண்ணா, சர்க்கரை ஜாஸ்தியா இருக்கு, மாத்திக் குடுங்க" என்று கேட்பது.

30 பைசா: வர்க்கி வாங்கும்போது "இன்னைக்குச் சுட்டதா?" என்று கேட்டு, நேற்றையது என்றால் வாங்காமல் வருவது.

40 பைசா: தாவரவியல் பூங்கா பக்கம் திபெத்தியர் கடைகளில் மூன்று ஸ்வெட்டரை எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பிடிக்கலைங்க, நன்றி" என்று வெறுங்கையோடு திரும்புவது.

45 பைசா: கரண்ட் போனால் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடட்டும் என்று இருக்காமல், மின்னகம் எண் 94987 94987-ஐ நீங்களே அழைத்துப் புகார் சொல்வது.

50 பைசா: சீசனில் வழி தெரியாமல் நிற்கும் வெளிமாநிலக் குடும்பத்திடம் நீங்களாகப் போய், தெரிந்த இங்கிலீஷில் வழி சொல்வது. இலக்கணம் தப்பியே ஆக வேண்டும். தப்பினால் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்குத்தான் இந்தப் படி.

55 பைசா: பாங்க் கவுன்டரில் "இந்தப் பணம் எதுக்குப் பிடிச்சிருக்கீங்க?" என்று பாஸ்புக்கை நீட்டிக் கேட்டு, புரியவில்லை என்றால் இரண்டாம் தடவையும் கேட்பது.

அதற்கு மேல் 60, 70, 80 இருக்கும் இடங்களைப் பிறகு பார்ப்போம்.

30-லிருந்து 40 பைசாவுக்குள் இருக்கும் படியில் ஆரம்பியுங்கள். 20-க்குக் கீழே என்றால் அது வெறும் வேலை, உடம்பு ஒன்றும் கற்காது. 70-க்கு மேல் என்றால் பாதியில் ஓடிவருவீர்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடிவந்தால் பழைய பாடமே இன்னும் அழுத்தமாக எழுதப்படும். கடையில் ஒரு பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், பயம் இறங்குவதற்குள் வெளியே வந்துவிடுவீர்கள். அதனால் ஒரே காரியத்தை அடுத்தடுத்து மூன்று கடைகளில் செய்யுங்கள். முதல் கடையில் 40, மூன்றாவதில் பெரும்பாலும் 25 என்று நோட்டே காட்டும்.

ஒரு படியின் உச்சம், ஆரம்பித்ததில் பாதியாகக் குறைந்ததும் அடுத்த படிக்குப் போகலாம். அதற்கு முன் ஆளையும் இடத்தையும் மாற்றிப் பார்க்க வேண்டும். சிரித்த முகமுள்ள ஒரே டீக்கடை அண்ணனிடம் பத்து நாள் பழகினால் அந்த அண்ணனிடம் மட்டும்தான் பயம் போயிருக்கும். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள், கூட்டமான கடையில் ஒரு நாள், சிடுசிடுக்கும் ஆளிடம் ஒரு நாள்.

எப்போது, எங்கே என்பதை முந்தின ராத்திரியே ஒரே வாக்கியமாக எழுதி வையுங்கள். "குன்னூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிர்க் கடைக்குப் போய்ச் சில்லறை கேட்பேன்." "நாளைக்குத் தைரியமாக இருப்பேன்" என்று எழுதினால் நாளைக்கு எதுவும் நடக்காது. காலை பதினொரு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. தள்ளிப்போட்டால் காலையில் 30 பைசாவாக இருந்தது மாலையில் 60 ஆகும். அதற்குள் மூடுபனியும் இறங்கி, கடைகளும் மூட ஆரம்பித்திருக்கும்.

ஊன்றுகோல்கள்

மூன்று வாரம் தினமும் செய்தும் பைசா குறையவில்லை என்கிறவர்களிடம் பெரும்பாலும் ஓர் ஊன்றுகோல் ஒளிந்திருக்கும். காரியத்தைச் செய்வார்கள், ஆனால் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டே செய்வார்கள். தப்பித்ததற்கான புண்ணியம் அந்த ஊன்றுகோலுக்குப் போய்விடும். "ஒன்றும் ஆகவில்லை" என்பதற்குப் பதில் "தோழி கூட இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை" என்று மனம் எழுதிக்கொள்ளும்.

மலையூரில் இதைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் சிரமம், ஏனென்றால் குளிர் நல்ல சாக்கு. மங்கி குல்லாவைக் கண் வரை இழுத்துவிடுவது, மஃப்ளரை வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பேசுவது, நடுங்கும் கையை ஜெர்கின் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்வது. இவை குளிருக்கா கூச்சத்துக்கா என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். காதில் இயர்போன், காரணமில்லாமல் செல்போனை நோண்டுவது, சொல்ல வேண்டியதை இருபது தடவை மனப்பாடம் செய்வது, கண்ணைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துப் பேசுவது, கேட்பதற்கு முன்னாலேயே மூன்று தடவை "சாரி" சொல்வது எல்லாம் அதே ரகம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். வாரம் ஒன்று போதும். பைசா பத்து ஏறும், ஏறட்டும்.

குளிருக்கு என்று சொல்லி ஒரு கட்டிங் போட்டுவிட்டு மைக் பிடிப்பது ஊன்றுகோல்களிலேயே மோசமானது. போதையில் பழகியது போதையோடு போய்விடும். மறுநாள் காலை அதே ஆளிடம் பேச இரண்டு மடங்கு பயம் இருக்கும், அதற்கும் ஒரு கட்டிங் தேவைப்படும்.

உடம்பு சொல்வதைச் சரியாகப் படிப்பது

டிசம்பரில் காலை எட்டு மணிக்கு அலுவலக வாசலில் நிற்பவருக்குத் தாடையும் விரலும் நடுங்கும். அது குளிர். ஆனால் மனம் அதைப் பயம் என்று படித்து இன்னும் பயப்படும். முதல் இரண்டு வாரம் வெயில் வந்த பிறகு போங்கள், அல்லது போவதற்கு முன் சூடான டீ டம்ளரை இரண்டு கையாலும் கொஞ்ச நேரம் பிடித்திருங்கள். மூன்றாம் வாரம் வேண்டுமென்றே குளிரில் நின்று பேசுங்கள். குரல் நடுங்கியபடியே பேசி முடித்தாலும் காரியம் நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

நெஞ்சு படபடப்புக்கும் மலை ஒரு நல்ல கருவி தருகிறது. எங்கே பார்த்தாலும் ஏற்றமும் படிக்கட்டும்தான். அறுபது படி வேகமாக ஏறுங்கள். மூச்சு இரைக்கும்போதே, ஆறவிடாமல், பக்கத்துக் கடைக்குப் போய் ஒன்றைக் கேளுங்கள். படபடக்கும் நெஞ்சோடும் வாய் வேலை செய்யும் என்பதை உடம்பு இப்படித்தான் கற்கும். இதய நோய், ஆஸ்துமா, கர்ப்பம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சமவெளியிலிருந்து வந்து ஒன்றிரண்டு நாளே ஆனவர்களும் தள்ளிப்போடுங்கள்.

ஊசிக்கும் ரத்தத்துக்கும் பயப்படுகிறவர்களுக்கு வழி வேறு. மற்றப் பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். இதில் சிலருக்கு முதலில் ஏறிவிட்டுச் சட்டென்று இறங்கி மயக்கம் வரும். அவர்களிடம் "மூச்சை இழுத்துவிட்டு உடம்பைத் தளர்த்து" என்று சொல்வது தவறு. ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ் யோரான் ஓஸ்ட் உருவாக்கிய முறை இதற்கு நேர்மாறானது. கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடாகும் வரை 10-15 விநாடி இறுக்கிப் பிடியுங்கள். பிறகு 20-30 விநாடி சாதாரண நிலைக்கு விடுங்கள், முழுதாகத் துவள வேண்டாம். இப்படி ஐந்து முறை. வீட்டில் ஒரு வாரம் பழகிவிட்டு ஊசி போடும் அறைக்குப் போங்கள். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

முடியாது என்று சொல்வது

பலருக்கு இது 60-லிருந்து 90 பைசா வரை போகும், ஏனென்றால் நாளைக்கும் அதே முகத்தைப் பார்க்க வேண்டும். இங்கே கெடுப்பது பெரும்பாலும் காரணம் சொல்வதுதான். "இந்த மாசம் தேயிலைக் கொழுந்துக் காசு வரல மாமா" என்றால், "அடுத்த மாசம் வந்ததும் குடு" என்பார். காரணம் எவ்வளவு நீளமோ அவ்வளவு பிடி எதிராளிக்குக் கிடைக்கும். "மாமா, கடன் குடுக்கறதில்லன்னு முடிவு பண்ணிருக்கேன். தப்பா நினைக்காதீங்க." இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு வரும் மௌனம்தான் பயிற்சி. மனசுக்குள் பத்து எண்ணும் வரை அதை நிரப்பாமல் இருக்க வேண்டும். மறுபடி கேட்டால் அதே வாக்கியம், அதே தணிந்த குரல். மூன்றாம் தடவைக்கு எழுந்து, "டீ சாப்பிடுங்க மாமா" என்று பேச்சை மாற்றிவிடலாம்.

பெரிய முடியாதுக்கு முன் சின்னவற்றில் பழகுங்கள். விருந்தில் இரண்டாம் தடவை பரிமாற வரும்போது "போதும்" என்று இலையைக் காப்பது நல்ல 30 பைசா.

"குளிர் விட்டுப்போச்சு" என்று யாராவது சொன்னால் இரண்டு விதமாக இருக்கலாம். அவருக்கு நீங்கள் அடங்காதது பிடிக்காமல் இருக்கலாம். அல்லது நீங்கள் உண்மையிலேயே மரியாதை தப்பிப் பேசியிருக்கலாம். நோட்டின் வலது பக்கத்தில் நீங்கள் சொன்ன சொற்களை அப்படியே எழுதிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். குரலை உயர்த்தியது, பழைய கணக்கை இழுத்தது, நாலு பேர் முன்னால் சொன்னது எல்லாம் துணிச்சல் கணக்கில் வராது.

கிராம சபை: ஒரு பெரிய படியை உடைப்பது

தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபைகள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் எழுந்து கேட்கலாம். தேதி முன்கூட்டியே தெரிவதால் ஆறு வாரக் கணக்குக்குத் தோதான முடிவுப் படி இது. நகராட்சி, பேரூராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. அவர்கள் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தை முடிவுப் படியாக வைத்துக்கொள்ளலாம். மனு ஒரே பக்கம், ஒரே கோரிக்கை, நகல் ஒன்று கையில், பதிவு செய்ததற்கான எண்ணை வாங்காமல் திரும்பக் கூடாது.

கிராம சபைக் கேள்வியை ஒரே தாவலில் எட்ட முடியாது. ஐந்தாவது வாரத் தொடக்கத்தில் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், ஆட்கள் குறைவாக இருக்கும்போது செயலரிடம் அதே கேள்வியைத் தனியாகக் கேளுங்கள். விடை கிடைத்துவிட்டாலும் பரவாயில்லை, வாய்க்குப் பழகியிருக்கும். அந்த வாரமே சுயஉதவிக் குழுவிலோ இளைஞர் மன்றத்திலோ பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்று எதையாவது வாசியுங்கள், வரவு செலவுக் கணக்கானாலும் சரி. உட்கார்ந்து வாசிப்பதற்கும் நின்று வாசிப்பதற்கும் இருபது பைசா வித்தியாசம் உண்டு.

சபை நாளில் அரை மணி முன்னதாகப் போய் முன் இரண்டு வரிசைக்குள் உட்காருங்கள். பின்னால் உட்கார்ந்தால் எழும்போது நாற்பது தலைகள் திரும்பும். முன்னால் உட்கார்ந்தால் உங்களுக்கு அந்தத் தலைகளே தெரியாது. கேள்வியைத் துண்டுச் சீட்டில் மூன்று வரிக்குள் எழுதி வையுங்கள். பெயர், எந்த ஹட்டி அல்லது லைன் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசை), கேள்வி. "எங்க லைன்ல தெருவிளக்கு மூணு எரியல. காட்டெருமை வர்ற பாதை. எந்தத் தேதிக்குள்ள சரி பண்ணுவீங்க?" தேதி கேட்கும் கேள்வி நல்ல கேள்வி. "ஏன் கவனிப்பதே இல்லை" என்று ஆரம்பித்தால் பதிலுக்குப் பதில் சண்டையாகி உங்கள் பயமே ஜெயித்துவிடும்.

முதல் அல்லது இரண்டாவது ஆளாகக் கேட்டுவிடுங்கள். ஐந்தாவது ஆளாகக் கேட்கலாம் என்று காத்திருப்பவர், அடுத்த தீர்மானம் வந்துவிட்டதைச் சாக்காகப் பிடித்துக்கொள்வார். கேட்டு முடித்ததும் உட்கார்ந்துவிடாதீர்கள், பதில் முடியும் வரை நில்லுங்கள். சீட்டைப் பார்த்து வாசித்தால் தப்பில்லை. இந்த முதல் தடவைக்கு மட்டும் அந்த ஊன்றுகோலை அனுமதிக்கலாம், அடுத்த சபைக்குச் சீட்டு வேண்டாம். விளக்கு எரிகிறதா இல்லையா என்பது வேறு கணக்கு. எழுந்து கேட்டீர்களா என்பதற்குத்தான் நோட்டில் இடம்.

வழக்கமாகக் கெடும் இடங்கள்

உற்சாகத்தில் முதல் வாரமே திருவிழா மேடையில் ஏறிவிடுவது அடிக்கடி நடக்கிறது. நன்றாக முடிந்தால் அதிர்ஷ்டம் என்று தோன்றும், சொதப்பினால் ஆறு மாதம் வெளியே வர மாட்டார்கள். இரண்டு வழியிலும் லாபம் இல்லை.

மழை பெரிய எதிரி. ஜூலை, ஆகஸ்டில் கூடலூர்ப் பக்கம் விடாமல் கொட்டும், மரம் விழும், ரோடு அடைபடும், நாலு நாள் நோட்டு திறக்கப்படாது. அதற்காகத் தனியாக மழைநாள் பட்டியல் ஒன்று வேண்டும். எல்லாம் போனில் முடிவதாக இருக்கட்டும். காஸ் பதிவு செய்யும்போது விலை கேட்பது, வருடக்கணக்கில் பேசாத சித்தப்பாவை அழைப்பது, டீலரிடம் கொழுந்து எடைக் கணக்கைப் பற்றிக் கேட்பது.

வீட்டாரின் "நமக்கெதுக்கு ஊர் வம்பு" என்பதும் வரும். விளக்கம் சொல்லிப் புரியவைக்கப் பார்க்காதீர்கள். டீக்கடையில் சர்க்கரை கம்மி கேட்பதை யாருக்கும் அறிவிக்கத் தேவையில்லை.

பிள்ளைகளுக்குச் செய்யும்போது ஒன்றே ஒன்று. விருந்தாளி "பேர் என்ன?" என்று கேட்டதும் அம்மாவே பதில் சொல்லிவிடுகிறார். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். பிள்ளை சொல்லாவிட்டால் பேச்சை மாற்றுங்கள், "சொல்லு, சொல்லு" என்று பிடித்துத் தள்ள வேண்டாம்.

வாசலைத் தாண்டவே முடியாதவர்கள், திடீர் திடீரென்று மூச்சு முட்டி மரணபயம் வருகிறவர்கள், பழைய கொடுமை ஒன்றின் நினைவு கிளம்பி அலைக்கழிக்கிறவர்கள், வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறவர்கள் நோட்டை வைத்துத் தனியாகப் போராட வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இதே படி முறையைத் துணையோடு செய்ய முடியும்.

ஆறு வாரம் கழிந்ததும் தினசரிக் காரியத்தை வாரம் இரண்டாகக் குறைக்கலாம், முழுதாக நிறுத்தக் கூடாது. ஒரு மாதம் விட்டால் பயம் கொஞ்சம் திரும்பி வரும். அது இயல்பு, கற்றது அழிந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. விட்ட இடத்துக்கு இரண்டு படி கீழே இறங்கி ஆரம்பியுங்கள். முன்பு பத்து நாள் எடுத்த படிக்கு இப்போது இரண்டு மூன்று நாள் போதும். நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் பக்கத்தில் நீங்கள் எழுதியிருக்கும் "கடைக்காரர் திட்டுவார், 40 பைசா" என்ற வரி அடுத்த மழைக்காலத்துக்குத் தேவைப்படும்.